ஜே.பி. ஜெயரத்தினமும் லீ குவான் யூவின் அவதூறு வழக்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நம்ம ஊருக்கு ஒரு லீ குவான் யூ வேணும்யா." டீக்கடையில், கல்யாணப் பந்தியில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒரு முறையாவது இது காதில் விழுகிறது. லீ சிங்கப்பூரின் முதல் பிரதமர். சொல்பவர்கள் அங்குள்ள சாங்கி விமான நிலையத்தையும் குப்பையில்லாத தெருக்களையும் நினைத்துச் சொல்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஜெயரத்தினத்தைத் தெரியுமா?" பெரும்பாலும் தெரியாது. தெரியாதவர்கள் அதன்பிறகு என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

யார் இந்த ஜெயரத்தினம்?

ஜோஷுவா பெஞ்சமின் ஜெயரத்தினம். சிங்கப்பூரில் எல்லோருக்கும் அவர் 'ஜேபிஜே'. 1926 ஜனவரி 5 அன்று யாழ்ப்பாணத்துச் சங்கானையில் பிறந்த கிறிஸ்தவத் தமிழர். குடும்பம் மலாயாவில் இருந்ததால் வளர்ந்தது ஜொகூரில். லண்டனில் சட்டம் படித்துவிட்டு 1952இல் சிங்கப்பூர் அரசாங்கச் சட்டத் துறையில் சேர்ந்தார், மாவட்ட நீதிபதியாகவும் இருந்தார். 1963இல் வேலையை விட்டுவிட்டுத் தனியாக வழக்கறிஞர் தொழிலுக்கு வந்தார். 1971இல் பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளரானார். டேவிட் மார்ஷல் 1957இல் தொடங்கிய அந்தக் கட்சி அப்போது பெயருக்கு மட்டும்தான் இருந்தது.

படங்களில் பார்த்தால் மறக்க முடியாத முகம். கன்னம் முழுக்க இறங்கிவரும் வெள்ளைக் கிருதா, கோட்டு, டை, மேடைக்கே உரிய கனத்த குரல். இங்கிலாந்துப் பழைய நீதிமன்றம் ஒன்றிலிருந்து வழிதவறி வந்தவர் போல இருப்பார்.

அவர் அப்படி என்ன செய்துவிட்டார்?

ஒரு தேர்தலில் ஜெயித்தார். அதுதான் ஆரம்பம்.

1968, 1972, 1976, 1980 ஆகிய நான்கு பொதுத் தேர்தல்களிலும் ஆளும் மக்கள் செயல் கட்சி, சுருக்கமாக மசெக, எல்லா இடங்களையும் பிடித்திருந்தது. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 1981இல் தேவன் நாயர் அதிபரானதால் அவருடைய அன்சன் தொகுதி காலியானது. முந்தைய ஆண்டு அங்கே அவர் 84 விழுக்காடு வாக்கு வாங்கியிருந்தார். மசெக யாரை நிறுத்தினாலும் ஜெயித்துவிடும் என்ற நிலை.

அன்சன் துறைமுகத்தை ஒட்டிய தொகுதி. துறைமுகத் தொழிலாளர்கள் குடியிருந்த வீடுகளைக் காலி செய்யச் சொல்லியிருந்த நேரம். பேருந்துக் கட்டணமும் ஏறியிருந்தது. அக்டோபர் 31 அன்று வாக்கு எண்ணி முடித்தபோது ஜெயரத்தினத்துக்கு 7,012, மசெக வேட்பாளருக்கு 6,359. 653 வாக்கு வித்தியாசம். 1984 பொதுத் தேர்தலில் அதே தொகுதியில் இன்னும் கூடுதல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

உலகத்தில் வேறெங்கும் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு ஆள்.

வழக்குகள் அதற்குப் பிறகு வந்தவைதானா?

இல்லை, முதல் வழக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1976 தேர்தல் கூட்டம் ஒன்றில் ஜெயரத்தினம் கிண்டலாகப் பேசினார். சொந்தப் பணத்தை நிர்வகிப்பதில் தான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை, ஆனால் லீ குவான் யூ மிக நன்றாக நிர்வகித்திருக்கிறார் என்று தொடங்கி, லீயின் மனைவி நடத்திய சட்ட நிறுவனத்தையும் தம்பி இருந்த வங்கியையும் சுட்டினார். பதவியைப் பயன்படுத்திக் குடும்பத்துக்குச் சேர்த்தார் என்ற பொருள் இதில் வருகிறது என்று லீ வழக்குப் போட்டார். 1979இல் 1 லட்சத்து 30 ஆயிரம் வெள்ளி இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. செலவுத் தொகை தனி. மேல்முறையீட்டிலும் ஜெயரத்தினம் தோற்றார். (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் 'வெள்ளி' என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.)

இரண்டாவது, 1988 தேர்தல் மேடையில். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் தேசிய வளர்ச்சி அமைச்சர் டே சியாங் வான் ஊழல் விசாரணையில் இருந்தபோது மாத்திரை விழுங்கித் தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு அந்த மாத்திரைகள் எப்படிக் கிடைத்தன என்று மேடையில் கேட்டார் ஜெயரத்தினம். லீ வழக்குப் போட்டார். 2 லட்சத்து 60 ஆயிரம் வெள்ளி.

தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வழக்குப் போடுவது மிரட்டலா? யாருக்கும் அந்த உரிமை உண்டே?

உண்டு. லீயும் வாழ்நாள் முழுக்க இதையேதான் சொன்னார். என் நேர்மையைப் பற்றிப் பொய் சொன்னால் நீதிமன்றத்துக்கு வருகிறேன், குறுக்கு விசாரணைக்கு உட்படுகிறேன், எதிரி நிரூபிக்கட்டும். பதில் சொல்லாமல் விட்டால் சொன்னது உண்மை என்று ஊர் நம்பிவிடும். இந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஊழல் மலிந்த வட்டாரத்தில் சுத்தமான பெயரை வைத்து ஆட்சி செய்தவருக்கு அந்தப் பெயர் மூலதனம்தான். டே சியாங் வான் மாத்திரைப் பேச்சைக் கேட்கும்போது எனக்கே முகம் சுளிக்கிறது.

ஆனால் எடையைப் பாருங்கள். ஒரு பக்கம் நாட்டின் பிரதமர். மறுநாள் காலை எல்லாப் பத்திரிகையிலும் தன் மறுப்பை முதல் பக்கத்தில் வரவைக்க முடிந்தவர். மறுபக்கம் ஒரு வழக்கறிஞர், பணமில்லாத ஒரு கட்சி. இருவரும் ஒரே தராசில் நிற்பதாகச் சட்டம் நினைத்துக்கொள்கிறது. நினைத்துக்கொள்வதோடு நிற்பதில்லை: வாதி பெரிய பதவியில் இருப்பவர், ஆகவே அவர் பெயருக்கு வந்த சேதமும் பெரியது, ஆகவே இழப்பீடும் பெரியது என்று கணக்குப் போடுகிறது. அதிகாரம் கூடக் கூட, அதை விமர்சிக்கும் விலையும் கூடும்.

அமெரிக்காவில் இது நேர் எதிர். 1964இல் நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம், பொதுப் பதவியில் இருப்பவர் கூடுதலாகத் தாங்கிக்கொள்ள வேண்டும், தெரிந்தே பொய் சொன்னார்கள் அல்லது உண்மையா என்று கவலையே படாமல் சொன்னார்கள் என்று நிரூபித்தால்தான் இழப்பீடு என்றது. சிங்கப்பூர் நீதிமன்றங்கள் அந்த வழியை ஏற்க மறுத்துவிட்டன. மறுத்த முக்கியத் தீர்ப்பே ஜெயரத்தினத்தின் மாத்திரை வழக்கில்தான் வந்தது.

அவர் சிறைக்குப் போனதும் அவதூறு வழக்கிலா?

இல்லை. அது வேறு கதை, இதைவிடக் கசப்பானது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1972இல் மசெக உறுப்பினர் ஒருவர் மீது பாட்டாளிக் கட்சியே ஒரு அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றது. எதிர்த்தரப்பின் வழக்குச் செலவைக் கட்ட வேண்டிய கடன் கட்சித் தலையில் விழுந்தது. பின்னாளில் கட்சிக்கு வந்த மூன்று நன்கொடைக் காசோலைகளை அந்தக் கடன்காரருக்குப் போய்விடாமல் வேறு பக்கம் திருப்பினார்கள், கட்சிக் கணக்கைப் பொய்யாகக் காட்டினார்கள் என்று ஜெயரத்தினம் மீதும் கட்சித் தலைவர் வோங் ஹோங் டோய் மீதும் குற்றச்சாட்டு. தொகை எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் வெள்ளிதான்.

1984 தொடக்கத்தில் மூத்த மாவட்ட நீதிபதி மைக்கேல் கூ அநேகமாக எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுவித்தார். ஒன்றில் மட்டும் 1,000 வெள்ளி அபராதம். இந்தத் தொகையைக் கவனிக்க வேண்டும். 2,000 வெள்ளியோ அதற்கு மேலோ அபராதம் விழுந்தால் ஐந்து ஆண்டு நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது என்பது அன்றைய விதி. 1,000 என்றால் பதவி தப்பியது.

சில மாதங்களில் மைக்கேல் கூ நீதிபதி இருக்கையிலிருந்து தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். இது தண்டனை மாற்றம் என்று ஜெயரத்தினம் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார். அரசாங்கம் விசாரணை ஆணையம் அமைத்தது. நீதிபதி சின்னத்துரை தலைமையிலான அந்த ஆணையம், தீர்ப்புக்கும் மாற்றத்துக்கும் தொடர்பில்லை என்று முடித்தது.

அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. மறுவிசாரணை நடந்தது. 1986 நவம்பரில் இறுதியாக நின்றது ஒரு மாதச் சிறை, 5,000 வெள்ளி அபராதம். பதவி போனது. சிறைக்குப் போய் வந்தார். 1987இல் வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் பெயரை அடித்தார்கள்.

லண்டனில் ஏதோ தீர்ப்பு வந்ததாகச் சொல்கிறார்களே?

வந்தது. சிங்கப்பூருக்கு அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்தது லண்டன் பிரிவி கவுன்சில். குற்ற வழக்கை அங்கே கொண்டுபோக வழியில்லை. ஆனால் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கியதை எதிர்த்து அங்கே மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டத்தில் இருந்தது. அந்த ஒரு கதவைத் தட்டினார் ஜெயரத்தினம்.

1988 அக்டோபரில் பிரிவி கவுன்சில் சொன்னதன் சாரம்: அடுத்தடுத்த தவறான தீர்ப்புகளால் இவ்விருவருக்கும் கடும் அநீதி நேர்ந்திருக்கிறது, தாங்கள் செய்யாத குற்றங்களுக்காக அபராதம் கட்டி, சிறை சென்று, ஊரறிய அவமானப்பட்டிருக்கிறார்கள். வழக்கறிஞர் உரிமை திரும்பக் கிடைத்தது. தண்டனை மட்டும் ஏட்டில் அப்படியே இருந்தது, அதை நீக்கும் அதிகாரம் அவர்கள் முன் வந்த வழக்கில் இல்லை. அதிபரிடம் மன்னிப்புக் கேட்டு மனுப் போட்டார். அமைச்சரவை ஆலோசனைப்படி அதிபர் மறுத்தார்.

பிறகு அந்தக் கதவையே மூடினார்கள். 1989இல் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டுக்குக் கட்டுப்பாடு வந்தது, 1994இல் அது முற்றாகப் போனது. சுதந்திர நாட்டுக்கு லண்டனில் ஏன் கடைசி நீதிமன்றம் என்ற வாதம் சரிதான். ஆனால் அது நினைவுக்கு வந்த நேரம்தான் உறுத்துகிறது.

1997இல் ஒரே ஒரு வாக்கியத்துக்காக வழக்குப் போட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. அந்தத் தேர்தலில், பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நிற்கும் செங் சான் குழுத்தொகுதியில் பாட்டாளிக் கட்சி அணியில் ஜெயரத்தினத்தோடு டாங் லியாங் ஹோங் என்ற வழக்கறிஞரும் நின்றார். டாங் ஒரு சீன இனவெறியர், கிறிஸ்தவ விரோதி என்று மசெக தலைவர்கள் பிரசாரம் செய்தார்கள். அது பொய் என்று டாங் போலீசில் புகார் கொடுத்தார். 1997 ஜனவரி 1, கடைசிப் பிரசாரக் கூட்டம். பேசி முடிக்கும் தறுவாயில் ஜெயரத்தினம் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: திரு. கோ சோக் டோங் மீதும் அவருடைய ஆட்கள் மீதும் போலீசில் கொடுத்த இரண்டு புகார்களை டாங் இப்போதுதான் என் முன்னால் வைத்தார்.

கோ சோக் டோங் அப்போது பிரதமர். அவரும் மூத்த அமைச்சர் லீயும் மற்ற மசெக தலைவர்களும், மொத்தம் பதினோரு பேர், இந்த ஒரு வாக்கியத்துக்காக ஜெயரத்தினம் மீது வழக்குப் போட்டார்கள். புகாரில் என்ன எழுதியிருந்தது என்று அவர் படித்துக்கூடக் காட்டவில்லை. புகாரின் உள்ளடக்கம் பத்திரிகைக்குப் போனதும் மசெக பக்கத்திலிருந்துதான்.

இங்கிலாந்திலிருந்து ஜார்ஜ் கார்மன் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞர் வந்து ஜெயரத்தினத்துக்காக வாதாடினார். பிரதமரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். நீதிபதி எஸ். ராஜேந்திரன் கோ தரப்பு வழக்கை ஊதிப் பெரிதாக்கிவிட்டது என்று சொல்லி, கேட்ட 2 லட்சத்தில் 20 ஆயிரம் வெள்ளி மட்டும் கொடுத்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 1 லட்சமாக்கி முழுச் செலவையும் சேர்த்தது.

டாங் கதை இதைவிடப் பெரியது. அவர் மீதான வழக்குகளில் முதலில் 80 லட்சம் வெள்ளிக்கு மேல் விதித்தார்கள், மேல்முறையீட்டில் அது 45 லட்சம் வெள்ளி அளவுக்குக் குறைந்தது. அவர் தேர்தல் முடிந்த சில நாட்களிலேயே ஜொகூர் போய் அங்கிருந்து ஆஸ்திரேலியா போய்விட்டார்.

இதில் தமிழ்க் கட்டுரை ஒன்றும் உண்டாமே?

பலரும் தவறவிடும் இடம் இது. தமிழில் எழுதும் எனக்கு அதிகம் உறைப்பதும் இதுதான்.

பாட்டாளிக் கட்சியின் பத்திரிகை 'த ஹேமர்', அதாவது சுத்தியல். நான்கு மொழியிலும் கட்டுரைகள் வரும். 1995இல் அதில் தமிழில் ஒரு கட்டுரை வந்தது. சிங்கப்பூரில் தமிழ் மொழி வாரம் என்று ஒன்றை நடத்தினார்கள், அதை நடத்தியவர்களை அந்தக் கட்டுரை குத்திக்காட்டியது. நம் ஊர்த் தமிழ்ச்சங்கத்துச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொனி புதிதாக இருக்காது. யார் மேடையில் உட்கார்ந்தார்கள், யார் யாருக்கு ஆமாம் சாமி என்ற வகையறா.

ஏற்பாட்டுக் குழுவினர் ஒரு வழக்கும், ஆளும் கட்சியின் இந்திய நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஐவர் இன்னொரு வழக்கும் போட்டார்கள். கட்டுரையை எழுதியவர் ஜெயரத்தினம் இல்லை. அவர் பத்திரிகை ஆசிரியர், ஆகவே பொறுப்பு அவருடையது. இழப்பீடும் செலவும் பல லட்சம் வெள்ளிக்குப் போனது. தவணையில் கட்டி வந்தார். ஒரு தவணை ஒரு நாள் தாமதமானது. 2001இல் அவரைத் திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்தது.

பிரதமர்கள் இரண்டு பேரின் வழக்குகளைத் தாங்கி நின்ற ஆள் கடைசியில் விழுந்தது தமிழ் மொழி வாரத்தைப் பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையால். வழக்குப் போட்டவர்களும் பெரும்பாலும் நம்மவர்களே. இதை வைத்து 'தமிழனைத் தமிழனே' என்று ஒரு பாட்டுப் பாடிவிடலாம், நான் பாடப் போவதில்லை. இங்கே இனம் வேலை செய்யவில்லை. வழி ஏற்கெனவே போட்டிருந்தது, அதில் யாரும் நடக்கலாம்.

திவால் ஆனால் என்ன? கடன்தானே?

சிங்கப்பூரில் திவாலானவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது, தேர்தலில் நிற்கவும் முடியாது. அரசு நியமித்த அதிகாரியின் அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. வழக்கறிஞர் தொழிலும் செய்ய முடியாது. 1997 தேர்தலில் தோற்றாலும் 45 விழுக்காடு வாக்கு வாங்கியதால் ஜெயரத்தினத்துக்குத் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் பதவி கிடைத்திருந்தது. 2001இல் அது போனது. தொழிலும் போனது. வயது 75.

அடிக்கவில்லை, கடத்தவில்லை, வீட்டுக்கு ஆட்டோ அனுப்பவில்லை. இதை எப்படி மிரட்டல் என்கிறீர்கள்?

அப்படிச் செய்திருந்தால் உலகப் பத்திரிகைகள் எழுதியிருக்கும், தூதரகங்கள் கேட்டிருக்கும். இங்கே எல்லாமே முறைப்படி. வக்கீல் நோட்டீஸ் வரும்: மன்னிப்புக் கேள், திரும்பப் பெறு, இவ்வளவு பணம் கொடு, இத்தனாம் தேதிக்குள். அந்த உறையைப் பிரிக்கும்போதே ஆளுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு, வேலை. ஜெயரத்தினத்தைப் போல 'வா பார்க்கலாம்' என்பவர் ஆயிரத்தில் ஒருவர். மற்றவர்கள் வாயை மூடுவார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் பத்தாயிரம் பேர் வாயைத் திறக்கவே மாட்டார்கள். அந்தப் பத்தாயிரம் பேரை எந்த நீதிமன்ற ஏட்டிலும் தேடிப் பிடிக்க முடியாது.

லீ இதை மறைத்ததும் இல்லை. என் பையில் ஒரு கோடாரி இருக்கிறது, மிகக் கூர்மையானது, என்னோடு மோத வந்தால் முட்டுச்சந்தில் சந்திப்போம் என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஜெயரத்தினம் மட்டுமில்லை. சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியின் சீ சூன் ஜுவான், லீக்கும் கோவுக்கும் 5 லட்சம் வெள்ளி கட்ட முடியாமல் 2006இல் திவாலானார். வெளிநாட்டுப் பத்திரிகைகளும் தப்பவில்லை. லீ குவான் யூ, அவர் மகன் லீ சியன் லூங் பெயர்களை ஆசியாவின் அரசியல் வாரிசுகள் பட்டியலில் சேர்த்து எழுதியதற்காக இன்டர்நேஷனல் ஹெரால்ட் டிரிபியூன் 2010இல் மன்னிப்பும் கேட்டு 1 லட்சத்து 60 ஆயிரம் வெள்ளியும் கொடுத்தது. அன்சன் தொகுதியை விட்டு அதிபராகப் போன தேவன் நாயரே பின்னாளில் லீயோடு முறுக்கிக்கொண்டார். 1999இல் கனடா நாளிதழ் ஒன்றில் வந்த பேட்டிக்காக அங்கே போய் அவர் மீதும் வழக்குப் போட்டார் லீ.

அதற்கு முன்பு எதிர்ப்பாளர்களை எப்படிக் கையாண்டார்கள்?

பாதுகாப்புச் சட்டங்களை வைத்து. விசாரணை கிடையாது. 1963 பிப்ரவரியில் 'கோல்ட்ஸ்டோர்' நடவடிக்கையில் ஒரே இரவில் நூற்றுக்கும் மேற்பட்ட இடதுசாரிகளைப் பிடித்தார்கள். சியா தை போ என்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரை 1966இல் பிடித்து 23 ஆண்டு விசாரணையே இல்லாமல் வைத்திருந்தார்கள். அதன்பிறகும் சில ஆண்டுகள் செந்தோசா தீவில் கட்டுப்பாட்டுக் காவல், வேறு கட்டுப்பாடுகள் 1998 வரை. இன்று சுற்றுலாப் பயணிகள் கேபிள் கார் ஏறிப் போகிற அதே செந்தோசாதான். அதோடு ஒப்பிட்டால் அவதூறு வழக்கு நாகரிகமானதுதான்.

சிங்கப்பூர் நீதிபதிகள் அரசாங்கத்துக்குப் பயந்தவர்களா?

அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டேன். வணிக வழக்குகளில் உலகமே நம்பும் நீதிமன்றங்கள் அவை. மைக்கேல் கூவும் ராஜேந்திரனும் அங்கேயே உட்கார்ந்திருந்தவர்கள்தான். சட்டத்தையே பெரிய மனிதர் பக்கம் சாய்த்து எழுதிவிட்டால் நேர்மையான நீதிபதியும் அந்தப் பக்கமே தீர்ப்புச் சொல்வார்.

இப்போது, இணைய காலத்தில்?

வழக்கு நிற்கவில்லை, ஆனால் ஒரு சுவையான மாற்றம். 2014இல் ஒரு வலைப்பதிவர், வருங்கால வைப்பு நிதியைப் பற்றி எழுதிய பதிவுக்காகப் பிரதமர் லீ சியன் லூங் அவர் மீது வழக்குப் போட்டார். 1 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி. மாதத் தவணை 2033 வரை ஓடுமாறு போட்டார்கள். இன்னொருவர் சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை, ஒரு கட்டுரையின் இணைப்பைத் தன் பேஸ்புக் பக்கத்தில் பகிர்ந்தார். 2021 மார்ச்சில் 1 லட்சத்து 33 ஆயிரம் வெள்ளி கட்டச் சொன்னார்கள். அவர் பொதுமக்களிடம் கேட்டார். பத்துப் பதினொரு நாளில் மொத்தத் தொகையும் வந்து சேர்ந்துவிட்டது. அந்த உற்சாகத்தில் முதலில் சொன்ன வலைப்பதிவரின் பாக்கியையும் ஊரே சேர்ந்து அடைத்தது, 2033 வரை காத்திருக்கவில்லை.

2019 அக்டோபரிலிருந்து 'பொஃப்மா' என்ற சட்டம் இருக்கிறது. இணையத்தில் வந்த ஒரு செய்தி பொய் என்று அமைச்சர் கருதினால் அவரே திருத்தம் போட உத்தரவிடலாம். நீதிமன்றம் பிறகுதான். அபராதத்தால் பதவி இழக்கும் வரம்பை 2022இல் 2,000 வெள்ளியிலிருந்து 10,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். 1986இல் அந்த வரம்பு இருந்திருந்தால் 5,000 வெள்ளி அபராதம் ஜெயரத்தினத்தின் பதவியைத் தொட்டிருக்காது.

நம்ம ஊர் மட்டும் யோக்கியமா?

இல்லவே இல்லை. நம் வழி வேறு, அவ்வளவுதான்.

1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது, எம்.எல்.ஏ. ஜேப்படித் திருடன் மாதிரி, மந்திரி முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி என்று. ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் விட்டார்கள். 2003இல் 'தி இந்து' ஆசிரியர்களுக்கும் முரசொலி ஆசிரியருக்கும் அதே சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்தது, உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

அவதூறிலும் சிங்கப்பூரில் இல்லாத ஒரு சௌகரியம் நமக்கு உண்டு. முதல்வரோ அமைச்சரோ சொந்தக் காசில் வக்கீல் வைக்க வேண்டியதில்லை. அவர்களுக்காக அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் நீதிமன்றத்தில் குற்ற வழக்குப் போடலாம். செலவு உங்களுடையதும் என்னுடையதும். ஜெயலலிதா ஆட்சியில் ஐந்தே ஆண்டில் இப்படி 200க்கும் மேற்பட்ட வழக்குகள். 2016இல் உச்ச நீதிமன்றமே ஏன் இத்தனை என்று கேட்டது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ் பத்திரிகைகள் மீதான ஒரு கட்டு வழக்கை ரத்து செய்தபோது, அரசு வழக்கறிஞர் வந்ததை அப்படியே அனுப்பும் தபால் ஆபீஸ் இல்லை என்றார். 2021இல் ஆட்சிக்கு வந்த திமுக, பத்திரிகையாளர்கள் மீதான 90 வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதே ஆட்சியில் 2024இல் சவுக்கு சங்கர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. பெண் போலீசாரைப் பற்றி அவர் பேசியது அசிங்கம். அதற்கு வழக்கு உண்டு, தண்டனை உண்டு. குண்டர் சட்டம் எதற்கு? உயர் நீதிமன்றம் ஆகஸ்டில் ரத்து செய்த சில நாளிலேயே மறுபடி போட்டு, அடுத்த மாதம் தாங்களே விலக்கிக்கொண்டார்கள்.

நம்மிடம் இருப்பது சத்தமான மிரட்டல். வழக்கு இழுத்துக்கொண்டே போகும், ஆட்சி மாறும், கட்டுகள் தூசி படியும். சிங்கப்பூரில் வழக்கு முடிந்துவிடும். அதுதான் வித்தியாசம், அதுதான் பயமும்.

இவ்வளவும் இருந்தும் அந்த நாடு வளர்ந்ததே? மன்னார்குடியில் லீக்குச் சிலைகூட வைக்கப் போகிறார்களாமே?

2015இல் லீ இறந்தபோது மன்னார்குடிப் பக்கம் அஞ்சலிச் சுவரொட்டிகள் ஒட்டினார்கள். அந்த வட்டாரத்தில் சிங்கப்பூர்ச் சம்பளத்தில் வீடு கட்டிய குடும்பங்கள் ஏராளம், அந்த நன்றியில் பொய் இல்லை. 2023 மே மாதம் சிங்கப்பூர் போன முதல்வர் ஸ்டாலின் மன்னார்குடியில் லீக்குச் சிலை வைப்பதாக அறிவித்தார், நூலகமும் சேர்த்து. வைக்கட்டும். தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்தவர், ஊழலை ஒழித்தவர், வீடு கட்டிக் கொடுத்தவர்.

ஆனால் வீட்டு வசதிக் கழகத்தின் எந்த அடுக்குமாடி ஜெயரத்தினம் திவாலானதால் எழுந்தது? துறைமுகத்தில் எந்தக் கப்பல் அவர் வாயை மூடியதால் கரை சேர்ந்தது? ஒன்றோடு ஒன்றைக் கட்டிப்போட்டுப் பேசுகிறவர்கள் இதற்கு மட்டும் பதில் சொல்வதில்லை. அந்த நூலகத்தில் ஜெயரத்தினம் எழுதிய புத்தகத்துக்கும் ஒரு தட்டு ஒதுக்குவார்களா என்று நானும் கேட்டுப் பார்க்கிறேன்.

கடைசியில் அவருக்கு என்ன ஆனது?

திவாலான ஆண்டுகளில் புத்தகம் விற்றார். தானே எழுதியது, தானே தெருவில் நின்று விற்றது. நகரத்தின் பரபரப்பான நடைபாதையில், எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில், எழுபது தாண்டிய மனிதர் கையில் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். ஒரு புத்தகத்தின் தலைப்பிலேயே லீயின் கோடாரி இருந்தது. போகிற வருகிறவர்களில் சிலர் வாங்கினார்கள், சிலர் அவசரமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் காசை மட்டும் கையில் திணித்துவிட்டுப் புத்தகம் வாங்காமல் போனார்கள் என்று அந்தக் காலத்தவர் சொல்வார்கள். வாழ்நாளில் அவர் இழப்பீடாகவும் செலவாகவும் கட்டியது 16 லட்சம் வெள்ளி என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

2007 மே மாதம் மிச்சமிருந்த 2 லட்சத்து 33 ஆயிரம் வெள்ளியைக் கட்டித் திவாலிலிருந்து வெளியே வந்தார். அதே ஆண்டு மறுபடியும் வழக்கறிஞரானார். 2008இல் 82 வயதில் சீர்திருத்தக் கட்சி என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார். தேர்தலில் நிற்கப் போவதாகவும் சொன்னார். அந்த செப்டம்பர் 30 அன்று மாரடைப்பில் இறந்தார். முந்தைய நாள்கூட நீதிமன்ற வேலையாக இருந்தவர். பிரதமர் லீ சியன் லூங் மகன்களுக்கு எழுதிய இரங்கல் கடிதத்தில், மசெகவைத் தகர்க்க எல்லா வழியிலும் முயன்றவர் என்றும் எழுதினார், அந்த விடாப்பிடியை மதிக்கத்தான் வேண்டும் என்றும் எழுதினார்.

அன்சன் தொகுதி இன்று இல்லை. 1988 தேர்தலுக்கு முன் எல்லைகளைத் திருத்தியபோதே அந்தப் பெயர் வரைபடத்திலிருந்து போய்விட்டது. தஞ்சோங் பகார் பக்கம் அன்சன் ரோடு மட்டும் இருக்கிறது, இரண்டு பக்கமும் அலுவலகக் கோபுரங்கள்.